இட்லிக்கடை என்று சொன்னேன்

ஜெராக்ஸ் மிஷினுக்குத்தான் முதலில் தெரிந்தது. ஒரு ஆதார் கார்டு நகல் எடுக்கப் போனால் தாள் உள்ளே மடிந்து நின்றுவிடும். மூடியைத் திறந்து, சுருண்ட தாளை உருவிப் போட்டுவிட்டு மறுபடி எடுத்தால் மறுபடி சிக்கும். புது பண்டல் பிரித்துப் பார்த்தேன். அதுவும் சிக்கியது. ஒரு தாளை எடுத்துக் கன்னத்தில் வைத்தேன். சில்லென்று இருந்தது. மழை நாளில் தாள் ஈரம் இழுப்பது எனக்குப் பழக்கம்தான். ஆனால் அன்று வெளியே நல்ல வெயில். மழை விட்டு மூன்று நாளாகியிருந்தது.

நான் பயந்த சுபாவம் உள்ளவள். பல்லி விழுந்தால் பயம், போலீஸ்காரர் நகல் எடுக்க வந்தால் பயம், தபாலில் பழுப்புக் கவர் வந்தால் பயம். என் வீட்டுக்காரர் தக்காளி லோடு ஓட்டுகிறவர். கல்யாணமான புதிதில் என்னை வண்டியில் ஏற்றி மாரண்டஹள்ளி வரை கூட்டிக்கொண்டு போனார். போக வர இரண்டு வழியும் நான் கண்ணைத் திறக்கவில்லை. "உன்ன மாதிரி ஆளுக்குக் கடை எதுக்கு?" என்று இன்றைக்கும் கேலி செய்வார். பயப்படுகிறவளுக்கும் பசிக்கும் இல்லையா, அதனால் கடை வைத்திருந்தேன்.

எங்கள் ஊரின் பெயர் இங்கே வேண்டாம். காரிமங்கலத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய ஏரி, அதன் கரையை ஒட்டிப் போகும் ரோடு, கரைக்கும் ரோட்டுக்கும் நடுவே வரிசையாகப் பதினோரு கடைகள். கடைகளின் முதுகு கரையில் ஒட்டியிருக்கும், முகம் ரோட்டைப் பார்த்திருக்கும். ரோட்டைத் தாண்டி இறங்கினால் கீழ்த்தெரு. அங்கே நாற்பது ஐம்பது வீடுகள். என் வீடு அங்கே இல்லை, ஊருக்கு அந்தப் பக்கம் மேட்டில் இருக்கிறது. ஏரி உடைந்தால் எங்கள் வாசல் நனையாது. பிற்பாடு இந்த விஷயம்தான் என்னை அதிகம் உறுத்தியது.

வரிசையில் நடுவில் என் ஜெராக்ஸ் கடை. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, லேமினேஷன், பட்டா சிட்டா விண்ணப்பம் எல்லாம் உண்டு. இடது பக்கம் இட்லிக்கடை அக்கா. வலது பக்கம் மாட்டுத் தீவனக் கடை அண்ணன். அவரை நாங்கள் யாரும் தலைவர் என்று தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் வரிசையில் எது நடந்தாலும் அவர் வாயிலிருந்து வருவதுதான் தீர்ப்பு. அவருக்கும் அவர் பங்காளிகளுக்கும் தக்காளித் தோட்டம் இருந்தது. என் வீட்டுக்காரர் ஓட்டும் லோடுகளில் பாதி அவர்கள் வீட்டு லோடு. அதனால் அண்ணன் இருமினால் எனக்குத் தும்மல் வரும். மற்றபடி சலூன், டெய்லர், பஞ்சர் கடை, கோழிக்கறிக் கடை, செல்போன் ரிப்பேர் என்று ஒரு சின்ன ஊருக்கு வேண்டியது எல்லாம் அந்த வரிசையில் இருந்தது.

நான் மருமகளாக இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து ஏரியில் தண்ணீர் பார்த்ததில்லை. சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும். மழை பெய்தால் நடுவில் ஒரு குட்டை தேங்கும், எருமைகள் அதில் படுத்திருக்கும். பையன்கள் மீதி இடத்தில் கிரிக்கெட் ஆடுவார்கள். தண்ணீரே இல்லாத ஏரிக்குக் கரை என்ன, மேடு என்ன? எங்களுக்கு அது கடைக்குப் பின்னால் கிடக்கும் மண் மேடு, அவ்வளவுதான்.

இடம் போதவில்லை என்றால் மற்ற ஊரில் மாடி கட்டுவார்கள். நாங்கள் பின்னால் தோண்டுவோம். கடையின் பின்சுவரை இடித்துவிட்டுக் கரையின் சரிவைக் கொஞ்சம் வெட்டி, தகரம் போட்டு மூடினால் ஒரு அறை கிடைத்துவிடும். அடுத்த வருஷம் இன்னும் ஒரு முழம். வெட்டிய மண்ணை யார் வீட்டுக்காவது தரையை மெத்தி உயர்த்துவதற்குக் கொடுத்துவிடலாம், டிராக்டர் அவர்களே கொண்டுவருவார்கள். யாரும் இதைத் தப்பு என்று நினைக்கவில்லை. தீவனக் கடை அண்ணன் மூட்டை அடுக்கப் பெரிய அறையே வெட்டியிருந்தார். நான் எட்டடி வெட்டினேன். தாள் பண்டல்களும் லேமினேஷன் மிஷினும் அங்கேதான் இருந்தன.

எல்லோரையும்விட ஆழமாக வெட்டியது இட்லிக்கடை அக்காதான். அவருக்கு அதற்கு வேண்டிய காரணம் இருந்தது. அவர் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்துவிட்டன. வீட்டில் தனியாகப் போட்டுவிட்டு வர முடியாது, கடையை மூடினால் அடுப்பு எரியாது. அதனால் கடைக்குப் பின்னால் ஒரு அறை வெட்டி, கயிற்றுக் கட்டில் போட்டு, அவரை அங்கே படுக்க வைத்திருந்தார். ஒரு ஈடு இட்லியை எடுத்துவிட்டு உள்ளே போய் அவரைப் புரட்டிப் படுக்க வைப்பார், அடுத்த ஈடு வேகும்போது வாய் துடைத்துவிடுவார். வெட்டின பக்கம் மண் உதிர்கிறது என்று சொன்னதால் நான்தான் ஒரு பழைய பிளக்ஸ் பேனரைக் கொடுத்தேன். யாரோ ஒரு பொண்ணு மாப்பிள்ளையின் கல்யாண வாழ்த்து அது. அதைச் சுவர் முழுக்க ஆணி வைத்து அடித்துவிட்டார் அக்கா.

"எந்நேரமும் கல்யாண வூட்ல இருக்கற மாதிரியே இருக்குது கண்ணு," என்று சிரித்தார்.

ஒரு வருஷம் எங்கள் எல்லோருக்கும் நோட்டீஸ் வந்தது. ஏரிப் புறம்போக்கில் இருக்கிறீர்கள், காலி செய்யுங்கள் என்று. மற்ற பத்துப் பேரும் அந்த நோட்டீஸை நகல் எடுக்க என்னிடம்தான் வந்தார்கள். எனக்கு வந்ததையும் நானே நகல் எடுத்துக்கொண்டேன். முதல் நகல் கோணலாக விழுந்தது. அன்று சாயங்காலம் தீவனக் கடை வாசலில் எல்லோரும் கூடினோம்.

"மனு குடுத்து வெப்போம், அது பாட்டுக்குக் கெடக்கும்," என்றார் அண்ணன். "ஆனா ஒண்ணு. கரைய பத்தி ஒருத்தரும் ஆபீஸ் பக்கம் வாயத் தொறக்கக் கூடாது. மண்ணு சரிஞ்சாலும் செரி, தகரம் பறந்தாலும் செரி, நம்மளே பாத்துக்கலாம். ஒருத்தன் கூப்புட்டான்னா வந்து அளப்பாங்க, அளந்தா பதினோரு கடையும் போயிரும்."

எல்லோரும் தலையாட்டினோம். நான் இரண்டு முறை ஆட்டினேன்.

பிறகு அந்த மழை வந்தது. விட்டு விட்டு அடித்த மழையில் மேலே உள்ள ஏரிகள் ஒவ்வொன்றாக நிரம்பி எங்கள் ஏரிக்கும் தண்ணீர் இறங்கியது. ஊரே கொண்டாடியது. கரை முனையில் இருக்கும் முனியப்பனுக்குக் கெடா வெட்டினார்கள். பெண்கள் தண்ணீரில் பூவும் வளையலும் விட்டார்கள். மொரப்பூர் பக்கத்திலிருந்தெல்லாம் பைக்கில் வந்து கரைமேல் நின்று செல்பி எடுத்தார்கள். அக்கா இட்லியோடு மிளகாய் பஜ்ஜியும் போட ஆரம்பித்தார். நன்றாக வியாபாரம் நடந்தது. எல்லோரும் இழுத்ததால் நானும் ஒரு நாள் கரைமேல் ஏறினேன். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் எங்கள் கடைகளின் தகரக் கூரைகள். தண்ணீர் கூரைகளைவிட உயரத்தில் இருந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அங்கே நின்றுகொண்டிருக்கவே முடியவில்லை. அண்ணனின் மனைவி என்னைக் கைப்பிடித்து இறக்கிவிட்டு, "மயக்கமா? மாசமா இருக்கறயா?" என்று கேட்டார்.

தாள் சிக்கியது அதற்குப் பிறகுதான். பின்னறைக்குப் போய்ப் பார்த்தேன். தரையும் வெட்டிய மண்ணும் சேருகிற மூலையில் ஒரு சாண் அகலத்துக்கு ஈரம். விரலை வைத்தால் தண்ணீர் ஊறி வந்தது. துடைத்தேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடி அதே இடத்தில் நின்றது. ஒரு சாக்கை மடித்து அதன்மேல் போட்டுவிட்டு வந்து கடையில் உட்கார்ந்துகொண்டேன். சாக்கு போட்டால் தண்ணீர் நின்றுவிடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது.

அன்றைக்கு இட்லி வாங்கப் போகும்போது அக்கா கடையின் உள்வாசலில் புதுசாக ஒரு சாக்கு கிடந்தது. "பாத்திரம் கழுவின தண்ணி ஊத்திட்டன் கண்ணு, வழுக்கப் போவுது, பாத்து வா," என்றார். தீவனக் கடையில் பார்த்தேன், மூட்டைகளை எல்லாம் செங்கல் வைத்துத் தூக்கி அடுக்கியிருந்தார்கள். எலித் தொல்லை என்றார் அண்ணன். டெய்லர் கடையில் தரைக்குப் புதிதாக சிமெண்ட் பூசியிருந்தது. சலூன்காரர் பின்கதவைப் பூட்டியே வைத்திருந்தார். ஒவ்வொருவர் கடைக்குள்ளும் ஏரி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவரும் அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டுவிட்டு, பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

மனசு கேட்காமல் அண்ணனிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "ண்ணா, பின்னாடி கொஞ்சம் ஈரமா இருக்குதுங்களே..."

"ஏரிக்கரைல ஈரம் இல்லாம அனலா அடிக்கும்?" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "ஏம்மா, நீ யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்லீங்ண்ணா."

"சொல்லாத."

செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். எந்த ஊர்க்காரரோ தெரியவில்லை, ஒரு மண்கரையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். கசிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் பெரிய பயம் இல்லை, கலங்கலாக வந்தால் கரையின் மண்ணை உள்ளிருந்து அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம், அப்புறம் நேரம் கிடையாது என்றார். நான் அந்த வீடியோவை நாலு தடவை பார்த்தேன். அன்றிலிருந்து காலையும் மாலையும் ஊறுகிற தண்ணீரை ஒரு எவர்சில்வர் டம்ளரில் பிடித்து, ஒரு வெள்ளைத் தாளில் ஊற்றிப் பார்ப்பேன். முதல் மூன்று நாள் தாள் நனைந்தது, கறை இல்லை. அந்த மூன்று நாளும் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நான்காம் நாள் காலையில் தாளில் செம்மண் கறை விழுந்தது. டம்ளரின் அடியில் விரலால் தடவினால் நறநறவென்று மண்.

நேராக அக்கா கடைக்குப் போனேன். அவர் வெளியே தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். உள்ளே போய் அவர் வீட்டுக்காரரைப் பார்க்கிற சாக்கில் அறையைப் பார்த்தேன். கட்டிலின் பின்கால்கள் இரண்டும் சேற்றில் இறங்கியிருந்தன. சுவரில் அடித்த பிளக்ஸ் பேனர் நடுவில் உப்பிக்கொண்டு நின்றது. கையை வைத்து அழுத்தினேன். அழுத்தின இடம் உள்ளே போனது, வேறு இடத்தில் உப்பியது. கட்டிலில் கிடந்தவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் பேச்சு வராது. ஆனால் நல்ல கையைத் தூக்கிப் பேனரைக் காட்டினார். இத்தனை நாளும் அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு பார்த்திருக்கிறார்.

வெளியே வந்து அக்காவிடம் சொன்னேன். "அக்கா, ரெண்டு நாளைக்கு மாமாவ எங்க வூட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. மேட்டுல இருக்குது, காத்து வரும்."

அக்கா தோசைக் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "எதுக்கு?"

"மண்ணு ஈரமா இருக்குதுங்கக்கா. சரிஞ்சிருச்சின்னா?"

"அவரத் தூக்கிட்டுப் போனா ஊரே பாக்கும். ஏன் தூக்கறன்னு கேக்கும். நான் என்னன்னு சொல்றது?" குரலைத் தாழ்த்தினார். "இந்தக் கடை போச்சின்னா அவருக்கு மாத்திரைக்கு எங்க போவன் கண்ணு? பயப்படாத. மழைதான் நின்னு போச்சே, தண்ணி எறங்கிரும்."

அவர் என்னைச் சமாதானப்படுத்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

டோனர் வாங்கி வருகிறேன் என்று சொல்லிக் கடையைச் சாத்திவிட்டுக் காரிமங்கலம் பஸ் ஏறினேன். அன்று அங்கே சந்தை நாள். நோட்டீஸின் நகல் என் பையில் இருந்தது, அதன் அடியில் தாலுகா ஆபீஸ் நம்பர் இருந்தது. என் போனிலிருந்து கூப்பிட எனக்குத் தைரியமில்லை, நம்பர் தெரிந்துவிடும். கீரை விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் நாலு கட்டுக் கீரை வாங்கிக்கொண்டு, "போன்ல சார்ஜ் இல்லீங்க, ஒரே ஒரு கால்," என்று கேட்டேன். கொடுத்தார். சந்தைச் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினேன்.

ஊர்ப் பெயர், ஏரி, கசிவு, கலங்கல் தண்ணீர் என்று நான் தட்டுத்தடுமாறிச் சொன்னதும் எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் விஷயத்தைப் புரிந்துகொண்டார். அவர் குரலே மாறிவிட்டது.

"கரை ரொம்ப நீளம்மா. எந்த எடத்துல? அடையாளம் சொல்லுங்க, உடனே ஆள் அனுப்பறோம்."

ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் என்று வாய் வரை வந்தது. அங்கேயும்தான் கலங்கல் வருகிறது. அதைச் சொன்னால் முதலில் என் கடையைத்தான் தேடி வருவார்கள். வரிசை முழுக்க என்னைப் பார்க்கும்.

"இட்லிக்கடைங்க," என்றேன். "இட்லிக்கடைக்குப் பின்னாடி."

"நீங்க யார் பேசறது? பேரு?"

துண்டித்துவிட்டேன். கீரைக்கார அம்மா போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "சத்தத்துல செரியா கேக்கல, எந்த ஊரு ஏரிம்மா?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் நடந்தேன். கீரைக் கட்டை அங்கேயே விட்டுவிட்டேன் என்பது பஸ் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

இட்லிக்கடை என்று சொன்னது பொய் இல்லை. அங்கேதான் ஆபத்து அதிகம், அங்கேதான் நகர முடியாத ஒரு மனுஷர் கிடக்கிறார். இப்படித்தான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தக் காரணத்துக்காக நான் அதைச் சொல்லவில்லை. என் கடையின் பெயர் வரக்கூடாது என்றுதான் சொன்னேன். கரை உடைந்திருக்குமோ என்று ஒரு பயம். உடையாமல் இருந்து, ஜீப் வந்து நிற்குமே என்று இன்னொரு பயம். எது நடந்தால் பரவாயில்லை என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

நான் இறங்கும்போது ஜீப் வந்துவிட்டிருந்தது. ஒரு அதிகாரி ரோட்டில் நின்று, "இங்க இட்லிக்கடை எது?" என்று சத்தமாகக் கேட்டார். பதினோரு கடையும் அதைக் கேட்டது. சலூன்காரர் கையால் காட்டினார். உள்ளே போனவர்கள் பிளக்ஸ் பேனரை ஒரு பக்கம் கிழித்தார்கள். ராகிக் கூழ் மாதிரி சேறு கொழகொழவென்று தரையில் இறங்கியது. அடுத்த நிமிஷம் நாலு பேர் கட்டிலோடு அக்கா வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அக்கா குறுக்கே விழுந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "எங்கய்யா தூக்கறீங்க? என்ன பண்ணினோம் நாங்க?" என்று கத்தினார்.

ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்துக் கீழ்த்தெரு ஜனத்தைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றினார்கள். மதகைத் திறந்தார்கள். மணல் மூட்டைகள் வந்தன. மூன்று மணி வாக்கில் அக்கா கடையின் பின்பக்கம் ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை, மூட்டையைப் போடுகிற மாதிரி. கட்டில் கிடந்த அறை கூரை வரை மண்ணால் நிரம்பிவிட்டது. ரோட்டில் நின்ற எல்லோரும் அதைப் பார்த்தோம்.

கரையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அடிவாரத்தில் மண் கொட்ட வேண்டும், மண் கொட்ட இடம் வேண்டும். மறுநாள் மத்தியானத்துக்குள் ஜேசிபி பதினோரு கடையையும் தள்ளிவிட்டது. சாமான் எடுத்துக்கொள்ள நேரம் கொடுத்தார்கள். நான் மிஷினை மட்டும் எடுத்தேன். ஏரி உடையவில்லை. கீழ்த்தெருவில் ஒரு கோழிக்குஞ்சு கூடச் சாகவில்லை. அதனால்தானோ என்னவோ, சில வாரத்தில் எல்லோருக்கும் தண்ணீர் மறந்துபோய்க் கடை மட்டும் ஞாபகத்தில் நின்றது.

சலூன்காரர் பஸ் ஸ்டாப் புளியமரத்தடியில் நாற்காலி போட்டார். டெய்லர் வீட்டிலேயே தைத்தார். நான் வீட்டு முன்னறையில் மிஷினை வைத்தேன். அக்கா ஒரு தள்ளுவண்டி பிடித்தார். எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி, யார் சொன்னது? பதிலும் சீக்கிரமே வந்துவிட்டது. வந்த அதிகாரி நேராக இட்லிக்கடை எது என்றுதானே கேட்டார்? சொன்னவர் இட்லிக்கடை என்றுதானே சொல்லியிருக்க வேண்டும்? போதாக்குறைக்கு, நடக்க முடியாத ஆள் இருக்கிற குடும்பம் என்று அரசாங்கம் வீடு கொடுக்கப் போகிறவர்களின் பட்டியலில் அக்காவின் பெயர் முதலில் இருந்தது.

"வூடு வாங்கறதுக்குப் பத்துக் கடைய வித்துட்டா," என்றார் தீவனக் கடை அண்ணன்.

அவ்வளவுதான், ஊர் தள்ளுவண்டிப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டது. யாரும் சண்டை போடவில்லை, திட்டவில்லை. வண்டியைக் கடக்கும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். மத்தியானம் அக்கா மிஞ்சின இட்லியைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வருவார். "மாவு புளிச்சிப் போவுது கண்ணு, புள்ளைக்குக் குடு," என்பார். என் மகள் சாப்பிடுவாள், என் வீட்டுக்காரர் ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டுச் சட்னியை வழித்து நக்குவார். என்னால் ஒரு வாய் கூட விழுங்க முடிந்ததில்லை. உண்மையைச் சொன்னால் வீட்டுக்காரருக்கு லோடு போய்விடும், நான் தெருவில் நடக்க முடியாது. இதை நினைத்து நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அவரிடம்கூடச் சொல்லவில்லை.

ஒரு நாள் அக்கா தூக்கு இல்லாமல் வந்தார். "வர்ற அமாவாசை காலைல முனியப்பன் கோயில்ல கற்பூரம் அணைக்கப் போறன் கண்ணு. எல்லாத்தையும் வரச் சொல்லிட்டன். நான் சொல்லலன்னு சத்தியம் பண்றன். நீ என் பக்கத்துல நின்னாப் போதும். உனக்குத் தெரியுமில்ல, நான் சொல்லலன்னு?"

"தெரியுங்கக்கா," என்றேன்.

எங்கள் பக்கம் கற்பூரம் அணைத்துச் செய்கிற சத்தியத்துக்கு மேல் பேச்சு கிடையாது. முனியப்பன் முன்னால் கற்பூரத்தை ஏற்றி, எரிகிறதைக் கையால் அடித்து அணைத்து, நான் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். பொய் சொன்னால் குடும்பத்தில் ஒரு ஆள் போய்விடும் என்பார்கள். கோர்ட்டுக்குப் போய்ப் பொய் சொல்கிறவர்கள்கூட இதற்கு வரமாட்டார்கள்.

அமாவாசை அன்று காலை வெயில் ஏறுவதற்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். பின்னால் ஏரி ததும்பி நின்றது. அக்கா தலைக்குக் குளித்து ஈரத் தலையோடு வந்திருந்தார். நான் அவர் பக்கத்தில் நின்றேன். முனியப்பனின் முட்டைக் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்தே அந்தக் கண்களைப் பார்த்தால் எனக்கு ஆகாது.

"கல்லு மேல ஏத்தி ஒரு அடி அடிச்சாப் போதும்," என்றார் அண்ணன்.

"வேணாங்க," என்றார் அக்கா. "அப்புறம் இதுலயும் ஏமாத்திட்டன்னு சொல்வீங்க." ஒரு பெரிய கட்டிக் கற்பூரத்தை எடுத்துத் தன் வலது உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். வெற்றிலைகூட வைக்கவில்லை. என்னைப் பார்த்து, "ஏத்து கண்ணு," என்றார்.

நான்தான் ஏற்றினேன். தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது.

"நான் யார்கிட்டயும் சொல்லல. நான் சொல்லியிருந்தா என் புருசன் கட்டலோட போவட்டும்," என்று அக்கா சொன்னார். கை நடுங்கவில்லை. தீ சின்னதாகிக்கொண்டே வந்து கையின் தோலோடு ஒட்டி எரிந்தது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். இப்போது சொல், இப்போது சொல் என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. நாக்கு புரளவில்லை. கற்பூரம் முழுக்க எரிந்து தீர்கிற வரைக்கும் நான் அவர் முழங்கையைத் தொட்டுக்கொண்டு பேசாமல் நின்றேன்.

அண்ணன் தலைகுனிந்துவிட்டார். "தப்பாப் பேசிட்டம்மா, மன்னிச்சிரு," என்றார். அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். "அப்ப யாருன்னு தெரிஞ்சாகணும். எல்லாரும் வரிசையா வந்து அணைங்க."

சலூன்காரர் அணைத்தார். டெய்லர் அணைத்தார். பஞ்சர் கடைக்காரர் அணைத்தார். அண்ணன் தானே ஒன்று ஏற்றி அணைத்தார். பிறகு கற்பூர டப்பா என் கைக்கு வந்தது. யாரும் என்னைச் சந்தேகமாகப் பார்க்கவில்லை, நான்தான் பயந்தாங்கொள்ளி ஆயிற்றே. ஒரு வில்லை எடுத்துக் கல்மேல் வைத்தேன். என் மகள் அன்று காலை ஒற்றை ஜடையோடு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது கண்ணில் வந்தது.

நான் தைரியசாலி ஆகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மனுஷர்களுக்குப் பயந்து வாயை மூடியிருந்தேன், அதைவிடப் பெரிய பயம் வந்ததும் வாயைத் திறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

"நான்தாங்க சொன்னன்," என்றேன். "காரிமங்கலம் போயி போன் பண்ணினன். இட்லிக்கடைன்னு சொன்னது நான்தான்."

யாராவது அடிப்பார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒருவரும் கிட்ட வரவில்லை. கண்ணைத் திறந்தபோது எல்லோரும் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வலது கையைச் செம்புத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். கையை வெளியே எடுத்துப் பார்த்தார். உள்ளங்கை நடுவில் தோல் வெளுத்துக் கொப்புளம் எழும்பியிருந்தது. அந்தக் கையால்தான் மாவு கரைக்க வேண்டும், புருஷனைப் புரட்ட வேண்டும். அவர் கோபப்படவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"இத நீ ஏத்தறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே கண்ணு?"